நான்காம் வேற்றுமை

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஒற்றை ஜன்னல் அறையில்
தனியார் பேருந்து முதலாளிகளுக்காக
ஒரு வாக்கியம் எழுதினேன்,
முன்னால் ஓர் ஓட்டை விட்டு.

________க்குச் செல்லும் பேருந்துகள்

பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள்.
இங்கே கோடு போடுவதற்குச் சம்பளம்.
நிரப்பப்போவது யாரென்று தெரியாது.
பெட்டியில் ஊர்ப்பெயரைத் தட்டி
தேடு என்பதை அழுத்துகிற எவரோ.
அவர் தட்டியது அப்படியே வந்து
ஓட்டையில் உட்காரவேண்டும்,
துண்டு போட்டு வைத்த ஜன்னலோர இருக்கையில்போல.
பெட்டியிலும் அது அழியாமல் நிற்கவேண்டும்.
ஓர் எழுத்துப் பிழைக்காக முழுப்பெயரையும்
யார் மறுபடி தட்டுவது,
அதுவும் திருப்பாதிரிப்புலியூர் என்றால்.

பண்ருட்டி போட்டுப் பார்த்தேன். பண்ருட்டிக்கு.
நெய்வேலி. நெய்வேலிக்கு.
குறிஞ்சிப்பாடியும் சரியாக உட்கார்ந்தது.
இகரத்தில் முடிகிற ஊரெல்லாம் தங்கம்.
பில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் டைம் கீப்பர் தில்லைகோவிந்தன்
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
சிதம்பரம்க்குச் செல்லும் பேருந்துகள்.
"ஏம்மா, பஸ்ஸு போவுது. தமிழ் போவலியே."

அத்துச் சாரியை. எட்டாம் வகுப்பு.
அரை மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து
தேர்வு முடிந்த அன்றே கெடிலத்தில் விட்டது.
பாருங்கள், ஆற்றின் பெயரிலேயே
அது ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

இரவெல்லாம் நிபந்தனை எழுதினேன்.
சொல் ம் என்று முடிந்தால் அதை வெட்டு,
த்து ஒட்டு, பிறகு க்கு.
நெல்லிக்குப்பத்துக்கு. விருத்தாசலத்துக்கு.
நாக்கு மூன்று வயதில் செய்ததை
ஏழு வரியில் செய்துவிட்ட பெருமை
காலை ஒன்பதரை வரை இருந்தது.

ஒன்பதரைக்கு யாரோ தட்டினார்: சிதம்பரம் போகணும்.
சிதம்பரம் போகணுத்துக்குச் செல்லும் பேருந்துகள்
என்றது என் பக்கம், கூச்சமே இல்லாமல்.

அன்றிலிருந்து பதிவேட்டைப் படிக்கிறேன்.
ஊரைக் கேட்டால் ஊரையா எழுதுகிறார்கள்?
கலெக்டர் ஆபீஸ் அவசரம்.
மழ பெஞ்சா வண்டி உண்டா.
ஒருவன் கோண அடைப்புக்குள் நிரல் எழுதி அனுப்பியிருந்தான்,
ஓட்டை வழியாக ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்க.
அத்துமீறல்.
இதற்கு மட்டும் முன்பே விழித்திருந்தேன்:
வருவதை எழுத்தாகக் காட்டு, ஏவலாக எடுக்காதே.
அவன் கொண்டுவந்தது தலைப்பில் கொட்டை எழுத்தில் கிடந்தது,
பறிமுதல் செய்து மேசைமேல் வைத்த கத்தியாக.

ஜன்னலுக்குக் கீழே நடத்துநர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.
சிதம்பரம் சிதம்பரம் சிதம்பரம்
வடலூர் வடலூர் ஏறு ஏறு
உருபு இல்லை, சாரியை இல்லை.
எவரும் தப்பான வண்டியில் ஏறவில்லை.

ஏழு வரியையும் அழித்தேன்.
செல்லும் ஊர், முக்காற்புள்ளி, ஓட்டை.
அவ்வளவுதான்.
"போர்டு மாதிரி இருக்கு" என்றார் தில்லைகோவிந்தன்.
பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

விடை கிடைக்காத பக்கத்தை மட்டும்
மாற்ற மறந்திருக்கிறேன்.
நேற்று இரவு இரண்டு பத்துக்கு
யாரோ எதுவுமே எழுதாமல் தேடு அழுத்தியிருக்கிறார்.
அவருடைய திரையில் வந்திருக்கும்:

க்குச் செல்லும் பேருந்து எதுவும் இல்லை

தமிழில் ஒற்றில் தொடங்கும் சொல் கிடையாது.
ஆனாலும் நின்றிருக்கிறது,
முன்னால் ஊரே இல்லாத ஓர் உருபு,
எங்கே என்று சொல்லாமல்
எங்கோ போகவேண்டும் என்று மட்டும்.

நாலு நிமிடம் கழித்து மறுபடி அழுத்தியிருக்கிறார்.
அதே வெறும் பெட்டி.

ஒரே வரி போதும் இதற்கு: ஊரை உள்ளிடவும்.
இன்னும் எழுதவில்லை.
முதல் வண்டி நாலே காலுக்கு,
பரங்கிப்பேட்டைக்கு.